நாக்கு நுனியில் நிற்கும் சொல்: கவசம் உள்ளே சிதறினால் அதற்கு என்ன பெயர்?



சுங்கை வேயில் மாலை வகுப்புக்கு வரும் படிவம் 5 மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. "சார், டாங்கி மேல குண்டு விழுது. தகட்டுல ஓட்டையே விழல. ஆனா உள்பக்கம் இரும்பு சில்லு சில்லா பேந்து தெறிச்சு, உள்ள இருக்கறவங்களக் கொன்னுடுது. இதுக்கு ஒரு சொல் இருக்கு, படிச்சிருக்கேன். 'ஸ்'னு ஆரம்பிக்கும், சின்னச் சொல்லு. வாய்க்கு வருது, வெளிய வரமாட்டேங்குது."

அந்தச் சொல் 'ஸ்பாலிங்'. விடையை முதலிலேயே சொல்லிவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

பொருளைப் பார்த்துவிடுவோம். கேரம் பலகையில் நான்கு காய்களை ஒன்றையொன்று தொட்டபடி வரிசையாக வையுங்கள். முதல் காயை அடித்தால் நடுவில் இருப்பவை அவ்வளவாக அசையாது, கடைசிக் காய்தான் பறக்கும். இரும்புத் தகட்டிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. வெளியே விழும் அடி ஓர் அழுத்த அலையாகத் தகட்டுக்குள் ஓடுகிறது. உள்பக்க விளிம்பை அடைந்ததும் அதற்கு அப்பால் தள்ளுவதற்கு இரும்பு இல்லை, காற்றுதான். அதனால் அலை திரும்புகிறது. திரும்பும்போது அது அழுத்தும் அலையாக இல்லை, இழுக்கும் அலையாகிவிடுகிறது. அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு உலோகம் இந்தத் திடீர் இழுப்பைத் தாங்குவதில்லை. உள்பக்கத்தில் ஒரு படலம் அப்படியே பிய்ந்து, சில்லுகளாகச் சீறுகிறது. இந்த அலையின் போக்கை ஆராய்ந்தவர்களில் முன்னோடி பெர்ட்ரம் ஹாப்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். அவருடைய கட்டுரை 1914இல் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் டெனிஸ்டன் பர்னி என்பவர் இதையே ஆயுதமாக்கினார். அந்தக் குண்டு தகட்டைத் துளைக்க முயல்வதில்லை. உள்ளே இருக்கும் மென்மையான வெடிமருந்து தகட்டின் மேல் சப்பாத்தி மாவு மாதிரி அப்பிக்கொண்டு, பிறகு வெடிக்கும். அதனால்தான் பின்னால் வந்த கவச வாகனங்களில் இடைவெளி விட்டு அடுக்கிய தகடுகளும், உள்சுவரில் கெவ்லர் போன்ற இழைத்துணி உறையும் வந்தன. அந்த உறை குண்டைத் தடுக்க அல்ல, சொந்தக் கவசத்தின் சில்லுகளைப் பிடிக்க.

இதே சொல்லைக் கட்டடத் துறையிலும் கேட்பீர்கள். பழைய அடுக்குமாடி வீடுகளில் கூரைக் கான்கிரீட் பொரிந்து, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரியுமே, அதுவும் ஸ்பாலிங்தான். அங்கே காரணம் வேறு: துரு ஏறிய கம்பி பருத்து, மேலே உள்ள கான்கிரீட்டைத் தள்ளிவிடுகிறது. நம் வீட்டில் இதற்கு யாரும் கலைச்சொல் தேடுவதில்லை. "சீலிங் பொரிஞ்சு விழுது", "சில்லு பேந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறோம்.

இனி மறதிக்கு வருவோம். பொருள் தெளிவாகத் தெரிகிறது, முதல் எழுத்துகூடத் தெரிகிறது, சொல் மட்டும் வரவில்லை. உளவியலில் இதற்கே 'நாக்கு நுனி நிலை' என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. ஹார்வர்டில் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்னீல் இருவரும் 1966இல் வெளியிட்ட ஆய்வில், அரிய சொற்களின் விளக்கத்தை மட்டும் படித்துக் காட்டிச் சொல்லைக் கேட்டார்கள். அவர்கள் எடுத்த சொற்களில் ஒன்று நமக்குப் பழக்கமானது: சம்பான். அந்த அமெரிக்க மாணவர்களுக்கு அது அரிய சொல்! தடுமாறியவர்களின் வாயில் வந்தவை இரண்டு வகை. ஒலியில் நெருங்கியவை ஒரு பக்கம்: சைப்பான், சயாம், சாரோங். பொருளில் நெருங்கியவை மறுபக்கம்: படகுவீடு, சரக்குப் படகு. நாக்கு நுனியில் சொல் நின்றபோது, முதல் எழுத்தைப் பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் சரியாகவே சொன்னார்கள். அதாவது சொல் தொலைந்துபோகவில்லை. பொருள் என்ற கதவு திறந்திருக்கிறது, ஒலி என்ற கதவு பாதிதான் திறந்திருக்கிறது.

இப்போது அந்தக் காரணம். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஏமி பெத் வாரினர், கேரின் ஹம்ப்ரீஸ் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஆசிரியர்கள் கட்டாயம் அறிய வேண்டியது. சொல் வராமல் தவித்தவர்களில் சிலரைப் 10 விநாடி தவிக்கவிட்டு விடை சொன்னார்கள், சிலரை 30 விநாடி. இரண்டு நாள் கழித்து அதே சொல்லைக் கேட்டபோது, அதிக நேரம் தவித்தவர்களே மறுபடியும் அதே இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். தவிப்பும் ஒரு பயிற்சியாகிவிடுகிறது, தவறான பயிற்சி. "யோசி, யோசி, வரும்" என்று வகுப்பில் மாணவரை நிற்க வைக்கும் நம் பழக்கம் நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் இந்த ஆய்வைப் படித்தபின் அதற்கு வக்காலத்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. முதல் அசையை எடுத்துக் கொடுங்கள். அதிலும் வரவில்லையா, சொல்லையே சொல்லி, அவரையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள்.

முதல் அசை என்றதும் நமக்கு யாப்பு நினைவுக்கு வர வேண்டும். மோனை செய்வது இதைத்தானே? அடுத்த சீரின் முதல் எழுத்தை முன்கூட்டியே காதில் போட்டுவைக்கிறது. அந்தாதி இன்னும் ஒரு படி மேல்: ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டுக்கு முதல் எடுத்துக் கொடுக்கிறது. எழுதாமல் மனத்தில் ஏற்றிய காலத்தில் இவையெல்லாம் வெறும் அழகுக்காக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொரு கருவியும் நம்மிடம் இருக்கிறது. அதை ஏனோ தேர்வுக்கு ஒரு மதிப்பெண் கேள்வியாக மட்டும் வைத்திருக்கிறோம். அகராதி, சொல் தெரிந்தவருக்குப் பொருள் சொல்லும். பொருள் தெரிந்து சொல் தெரியாதவருக்கு அகர வரிசை எப்படி உதவும்? அவருக்கு வேண்டியது நிகண்டு. திவாகரத்தின் 12 தொகுதிகளைப் பாருங்கள்: தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வழியே போகிறது, மனிதன் செய்த பொருள்களுக்குச் செயற்கை வடிவப் பெயர்த் தொகுதி என்று தனியே ஒன்று, செயல்களுக்கு ஒன்று, ஒலிகளுக்கு ஒன்று. ஆங்கிலத்தில் ரோஜே பொருள்வழித் தொகுத்த நூல் 1852இல்தான் வந்தது. கவசம் என்ற பொருளுக்கு மெய்ம்மறை, சாலிகை, அரணம் என்று நம்மிடம் சொற்கள் வரிசையாக நிற்கின்றன.

கவசம் சேதமாவதற்கு? இங்கேதான் புறநானூறு கைகொடுக்கிறது. நான்காம் பாடலை எடுங்கள். சோழன் இளஞ்சேட்சென்னியைப் பரணர் பாடியது. பாராட்டு முழுவதும் சேதக் கணக்காகவே வருகிறது! வாள்கள் குருதிக் கறை பட்டுச் செவ்வானம் போல இருக்கின்றன. வீரர்களின் கால்களில் கழல் உராய்ந்து தேய்ந்திருக்கிறது. அதற்குப் பரணர் போடும் சொல் 'பறைந்தன'. கேடயங்களில் அம்பு துளைத்த ஓட்டைகள், குறிபார்த்து அடிக்கும் இலக்கைப் போல. குதிரைகளின் வாய் கடிவாளம் அறுத்துச் சிவந்திருக்கிறது. கோட்டைக் கதவுகளை முட்டிய யானைகளின் கொம்பு நுனி 'மழுங்கி' இருக்கிறது. மாணவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று: இந்தப் பாட்டில் 'தோல்' என்றால் உடம்புத் தோல் அல்ல, கேடயம்.

95ஆம் பாடலில் ஔவையார் தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்க்கிறார். அங்கே வேல்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி மினுங்குகின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி 'சிதைந்து' கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. யார் உண்மையில் போர் செய்தவர் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறார்.

பறைதல், துளைபடுதல், மழுங்குதல், சிதைதல். நான்கும் நான்கு விதமான சேதம். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட முடியாது. ஆனால் வெளியே அடிபட்டு உள்ளே பிய்வதற்கு இந்தப் பாடல்களில் சொல் இல்லை. தோல் கேடயத்துக்கு அந்த விதி வரவும் இல்லை. அதற்காகத் தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்து புதுச்சொல் உருவாக்காதீர்கள். 'உட்புறச் சில்லுச் சிதறல்' என்று எழுதினால் வாசிப்பவருக்குப் புரியும். முதல் முறை ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடுங்கள்: "வெளியே தாக்கிய அதிர்ச்சியால் தகட்டின் உட்புறம் சில்லுகளாகப் பெயர்ந்து தெறித்தது." பிறகு அந்தச் சொல்லையே கடைசிவரை பயன்படுத்துங்கள். பாதி நினைவில் உள்ள கலைச்சொல்லைத் தப்பாக எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். சொல் வரவில்லை என்று வாக்கியத்தையே விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாணவருக்குப் பொருள் முழுதாகத் தெரியும். அவர் என்னிடம் சொன்ன பேச்சுமொழி வாக்கியத்தை எழுத்துமொழிக்கு மாற்றினாலே போதும், விளக்கம் தயார்.

வகுப்பில் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு: பழுதைக் குறிக்கும் வினைகளை மாணவர்களிடமே கேளுங்கள். நசுங்குதல், நெளிதல், விரிசல் விடுதல், பொரிதல், உதிர்தல், கீறுதல், தெறித்தல், பிய்தல்... சுங்கை வே தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெற்றோர் உள்ள பிள்ளைகள் இன்னும் சில சொற்களை வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொருளைச் சொல்லச் சொல்லுங்கள்: தகரம் நசுங்கும், கம்பி நெளியும், கண்ணாடி விரிசல் விடும். பட்டியலை அகர வரிசையில் அடுக்க வேண்டாம். நிகண்டு போலப் பொருள்வழியே அடுக்கி, சுவரில் ஒட்டுங்கள்.