கால் ஓய்ந்தபின் கணக்கேடு



மாலையில் தோட்டத்துத் திடலில் பந்து உருளத் தொடங்கியதும் நாம் கூடிவிடுகிறோம். கோல் போட்டவன் பெயர் லயம் முழுவதும் தெரியும். பந்து வாங்கப் பணம் திரட்டியவர் யார், அடுத்த தோட்டத்துக்குப் போக லோரி பேசியவர் யார் என்று கேட்டால் விழிப்போம். கோலும் போட்டு, பிறகு கணக்கேட்டையும் சுமந்த ஒருவரைப் பற்றி இன்று பேசுவோம்.

ஜெர்மனியின் ஊல்ம் நகரில், இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மகனாக 1952-இல் பிறந்தவர் ஊலி ஹோனஸ். 1970-இல் பாயர்ன் மூனிக் காற்பந்துக் குழுவில் சேர்ந்தார். 1974-இல் மேற்கு ஜெர்மனி உலகக் கிண்ணத்தை வென்றபோது அவரும் ஆடினார். 1976-இல் பெல்கிரேடில் நடந்த ஐரோப்பிய இறுதியாட்டத்தில் அவர் உதைத்த பெனால்டி கம்பத்துக்கு மேலே பறந்தது. கிண்ணம் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போயிற்று. முழங்கால் காயமும் விடவில்லை. 27 வயதில் ஆட்டம் முடிந்தது. நம் வீடுகளில் பையனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கும் வயது அது!

1979-இல் அதே குழுவின் நிர்வாகியானார். குழுவோ பல மில்லியன் மார்க் கடனில் இருந்தது. வருமானத்தில் பெரும்பகுதி நுழைவுச்சீட்டுப் பணம். மழை பெய்தாலும் குழு தோற்றாலும் கூட்டம் குறையும். ஆட்டக்காரர் சம்பளம் குறையாது. இந்த ஓட்டையைத்தான் ஹோனஸ் முதலில் பார்த்தார். விளம்பரம், தொலைக்காட்சி, குழுவின் சின்னம் பொறித்த பொருள்கள் என்று வேறு வழிகளைத் தேடினார். 1984-இல் தம்மோடு ஆடிய ரூமனிகவையே இத்தாலியின் இண்டர் மிலானுக்கு 10 மில்லியன் மார்க்குக்கு மேல் விற்றார். இரசிகர்களுக்கு மனக்கசப்புத்தான். ஆனால் அந்தப் பணத்தில்தான் கடன் தீர்ந்தது. 2005-இல் குழு புது அரங்கத்தில் ஆடத் தொடங்கியது. 2009-இல் அவர் குழுவின் தலைவரானார்.

இனிச் சொல்வது கசப்பானது. குழுவின் கணக்கை ஒழுங்காக வைத்தவர், சொந்தக் கணக்கில் தவறினார். சுவிட்சர்லாந்து வங்கியில் இருந்த பணத்தின் ஆதாயத்துக்கு வரி கட்டவில்லை. ஏய்த்த வரி 28.5 மில்லியன் யூரோ என்றது மூனிக் நீதிமன்றம். 2014-இல் மூன்றரை ஆண்டுச் சிறை விதித்தது. அவர் மேல்முறையீடு செய்யவில்லை. அதை மட்டும் நாம் மெச்சலாம், குற்றத்தை அல்ல.

2016 தொடக்கத்தில் வெளியே வந்தார். அதே ஆண்டு நவம்பரில் உறுப்பினர்கள் அவரையே மீண்டும் தலைவராக்கினார்கள். நமக்கு அது முழுமனத்தோடு ஒப்பவில்லை. 2019-இல் அவர் விலகினார். அடிடாஸ் காலணி நிறுவனத்தை நடத்திய ஹெர்பர்ட் ஹைனர் அந்த நாற்காலியில் அமர்ந்தார்.