கெட்டி மண்ணை லோடரால் முட்டாதீர்கள்

பினாங்குத் தீவின் அடித்தளம் கருங்கல் பாறை. அது சிதைந்து உண்டான மண், வெயிலில் காய்ந்தால் இறுகிவிடும். அதை டிராக்டரின் முன்புற லோடரால் வேகமாக முட்டித் தோண்டினால் பக்கெட் வளையும். தூக்கும் கைகள் முறுக்கிக்கொள்ளும். லோடர் அள்ளுவதற்கான கருவி, தோண்டுவதற்கு அல்ல.

முதலில் டிராக்டரின் பின்னால் உளிக்கலப்பையை மாட்டி மண்ணை இளக்குங்கள். பிறகு பக்கெட்டின் முனையைச் சற்றே கீழே சாய்த்து, மெல்லிய அடுக்காகச் சீவி அள்ளுங்கள். பின்புறம் பாரம் இருக்கட்டும். நிறைந்த பக்கெட்டைத் தாழ்வாகவே கொண்டு செல்லுங்கள். உயர்த்தினால் வண்டி கவிழும்.

குன்றோரம் வேலை செய்வோர் சரிவின் அடிவாரத்தைக் குடையவே கூடாது. 21.10.2017 அன்று தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் மாண்டதை நாம் மறக்கவில்லை. சரியும் மண் ஓட நேரம் தராது.