உடோன் கடைகளைத் தேடி ஒரு மடக்குச் சைக்கிள்

ஜப்பானின் ஷிகோக்கு தீவில் இருக்கும் ககாவா, பரப்பளவில் அந்நாட்டின் 47 மாகாணங்களிலும் மிகச் சிறியது. தடித்த கோதுமை நூடுல்ஸான உடோனுக்கோ அதுதான் தலைநகரம். மாகாண அரசே 2011-இல் தன்னை 'உடோன் மாகாணம்' என்று விளம்பரப்படுத்திக்கொண்டது. மழை குறைந்த பூமி இது. 14,000-க்கும் மேற்பட்ட கண்மாய்களை வெட்டித்தான் நெல் விளைவித்தார்கள். கூகாய் என்ற துறவி 821-இல் கரையைச் சீரமைத்த மன்னோ ஏரி இன்றும் வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது. அறுவடை முடிந்ததும் அதே வயலில் கோதுமை. பக்கத்துக் கடலில் உப்பும் நெத்திலியும். உடோனுக்கு வேண்டியதெல்லாம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. (இன்று மாவில் பெரும்பகுதி ஆஸ்திரேலியக் கோதுமை என்பது வேறு விஷயம்.)

நல்ல கடைகள் பலவும் ரயில் நிலையத்தை ஒட்டி இருப்பதில்லை. மொத்த வியாபாரத்துக்கு நூடுல்ஸ் பிசையும் பட்டறைகள், வயல்களுக்கு நடுவே, ஓரத்தில் நாலு மேசை போட்டு வருகிறவர்களுக்கும் பரிமாறுகின்றன. பேருந்து அரிது; நடந்தால் வெகுதூரம். மடக்குச் சைக்கிள் இங்கேதான் கைகொடுக்கிறது.

பெரும்பாலான ஜப்பானிய ரயில்களில் சைக்கிளை அப்படியே ஏற்ற முடியாது. மடக்கி அல்லது கழற்றி, முழுவதும் மூடும் பைக்குள் வைத்தால் கட்டணமே இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 250 செ.மீ.க்குள்ளும், எடை 30 கிலோவுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயில்களின் விதி.

லண்டனில் 1970-களில் ஆண்ட்ரூ ரிச்சி வடிவமைத்த பிராம்ப்டன் மடக்குச் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். முதலில் பின்சக்கரத்தைச் சட்டத்துக்கு அடியில் மடக்க வேண்டும். சட்டத்தின் நடுவிலுள்ள கீலைத் தளர்த்தினால் முன்சக்கரம் பின்னோக்கித் திரும்பிப் பின்சக்கரத்தின் பக்கத்தில் வந்து நிற்கும். கைப்பிடி கீழே சாயும். கடைசியாக இருக்கையை இறக்கினால், அதன் தண்டே பூட்டாகி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் படிந்த சங்கிலி இரு சக்கரங்களுக்கு இடையே அடங்கிவிடுவதால் கால்சட்டையில் கறை ஒட்டாது, அருமையான யோசனை. மடங்கிய பிறகு மூன்று அளவுகளின் கூட்டுத்தொகை சுமார் 150 செ.மீ. மட்டுமே.

சக்கரம் 16 அங்குலம்தான் என்றாலும் வேகம் குறைவதில்லை. முன்பல்சக்கரத்தைப் பெரிதாகவும் பின்பல்சக்கரத்தைச் சிறிதாகவும் வைத்து, ஒரு மிதிக்குச் சக்கரம் கூடுதலாகச் சுழலும்படி செய்திருக்கிறார்கள். சிறு சக்கரம் குழிகளில் அதிகம் குலுங்கும். அதைத் தாங்கப் பின்புறம் ஒரு ரப்பர் கட்டை உண்டு. ககாவாவின் சமவெளிக்கு இதுவே தாராளம். டைரெல் என்ற மடக்குச் சைக்கிள் தயாரிப்பாளர் இயங்குவதே இம்மாகாணத்தின் சனுக்கி நகரத்தில்தான்.

உப்புநீரில் பிசைந்த மாவைத் துணிக்கோ பாய்க்கோ அடியில் வைத்துக் காலால் மிதிப்பது இங்கு பழைய வழக்கம். மிதிக்க மிதிக்க மாவில் மீள்தன்மை ஏறும். கடிக்கும்போது தெரியும் அந்த இழுவை அதிலிருந்து வருகிறது. சுயசேவைக் கடைகளில் கிண்ணத்தில் நூடுல்ஸை வாங்கி, வலைக்கரண்டியில் போட்டு வெந்நீரில் முக்கியெடுத்து, குழாயைத் திறந்து நெத்திலிச் சாறு பிடித்து, வெங்காயத்தாள் தூவிக்கொள்வது சாப்பிடுபவரின் வேலை. அயாகாவா ஊரின் யமகோஷி கடையில் கொப்பரையிலிருந்து எடுத்த நூடுல்ஸில் சூட்டோடு பச்சை முட்டையைக் கலந்து தரும் கமாதாமாவுக்குப் பெயர் பெரிது.

சிறிய கிண்ணம் சில நூறு யென்தான். அதனால் ஒரே கடையில் வயிற்றை நிரப்பாமல், ஒன்று சாப்பிட்டு, வயல்வெளியில் சில கிலோமீட்டர் மிதித்து, அடுத்த கடையில் இன்னொன்று சாப்பிடலாம். பல பட்டறைகள் பிற்பகல் தொடங்கியதுமே, அல்லது மாவு தீர்ந்ததுமே கதவைச் சாத்திவிடும். ஆகவே ரயிலில் தொலைவான நிலையத்துக்குக் காலையிலேயே போய் இறங்கி, முதல் கிண்ணத்தை அங்கே முடித்துக்கொண்டு, நகரத்தை நோக்கி மிதித்து வருவதே நல்ல திட்டம்.