ஒரு ஒயரில் கிளம்பிய கார்

வடசென்னையில் திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவே இருக்கிறது சாத்தாங்காடு. ஜார்ஜ் டவுன் தெருக்களை அடைத்துக்கொண்டிருந்த இரும்பு மொத்த வியாபாரத்தை நகரின் மையத்திலிருந்து வெளியே கொண்டுவர, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) இங்கே 200 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் இரும்புச் சந்தையை அமைத்தது. சந்தையைத் தேடி லாரிகளும் டிரெய்லர்களும் வந்தன. வண்டிகளைத் தேடிப் பட்டறைகள் வந்தன. பக்கத்தில் எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு என்று, இரும்பையும் இன்ஜினையும் அறிந்த கைகளுக்கு இந்தப் பகுதியில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை.

இங்குள்ள பட்டறைகளில் மாறாமல் ஒலிக்கும் புகார் ஒன்று உண்டு. "ணா, செல்ஃப் நல்லா எடுக்குது, வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆவல." அம்பாசடர் காலத்திலும் இதைத்தான் சொன்னார்கள், இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள். புகார் அப்படியே இருக்க, அதற்கான பதில் தேடப்படும் இடம்தான் முற்றிலும் மாறிவிட்டது.

அன்றைய அம்பாசடர், ஃபியட், சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, எதை எடுத்துக்கொண்டாலும் சாவி என்பது வெறும் சுவிட்ச். பேட்டரியிலிருந்து சாவிக்கு ஒரு ஒயர், சாவியிலிருந்து இக்னிஷன் காயிலுக்கு ஒரு ஒயர். 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துவது காயிலின் வேலை. அதை நான்கு பிளக்குகளுக்கும் முறைவைத்துப் பங்கிடுவது டிஸ்ட்ரிபியூட்டரின் வேலை. பாடியில் 1961இல் தொடங்கப்பட்ட லூகாஸ்-டிவிஎஸ் தொழிற்சாலை இந்தப் பாகங்களுக்குப் பெயர்பெற்றது. அதாவது, பழுதாகும் பொருளும் அதைச் செய்த ஆலையும் சரிசெய்யும் பட்டறையும் ஒரே நகரத்துக்குள் இருந்தன. டீசல் லாரிக்கு இந்த அளவு மின்சாரம்கூட வேண்டியதில்லை. ஒருமுறை ஓடத் தொடங்கினால், பம்ப் டீசலைத் தள்ளும்வரை இன்ஜின் ஓடும். அதை நிறுத்த ஸ்டாப் கேபிளை இழுக்க வேண்டும்.

சாவி தொலைந்தால் அன்று பெரிய கவலை இல்லை. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து காயிலுக்கு நேராக ஒரு ஒயரைக் கொடுத்து, 'டைரக்ட்' செய்து, வண்டியை வீட்டுக்கு ஓட்டிப்போய்விடலாம். ஒரு ஒயர் உரிமையாளருக்கு உதவியதைப் போலவே திருடனுக்கும் உதவியது. ஆகவே காவலை அவரவரே ஏற்பாடு செய்துகொண்டார்கள். இரவில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் ரோட்டரை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனவர்கள் உண்டு. டேஷ்போர்டுக்கு அடியில் கைக்கு மட்டும் தெரியும் இடத்தில் கட்-ஆஃப் சுவிட்ச் வைத்தவர்கள் உண்டு. ஸ்டீயரிங்கையும் பெடலையும் சங்கிலியால் பிணைத்துப் பூட்டுப் போட்டவர்களும் உண்டு. எல்லாமே சில ரூபாய்களில் முடிந்த ஏற்பாடுகள். எல்லாமே திருடனைக் கொஞ்சம் தாமதப்படுத்தியவை, தடுத்து நிறுத்தியவை அல்ல.

பழுது பார்க்கும் முறையும் கண்ணுக்கும் கைக்கும் எட்டியதாக இருந்தது. பிளக்கிலிருந்து ஒயரைக் கழற்றி, அதன் முனையை இன்ஜின் பிளாக்குக்கு அருகே பிடித்துச் செல்ஃப் அடிக்கச் சொல்வார் மெக்கானிக். நீல நிறத்தில் பொறி பாய்ந்தால் கரண்டில் குறையில்லை, பெட்ரோலைப் பார்க்க வேண்டும். மஞ்சளாக நலிந்து விழுந்தால் பாயிண்ட் அல்லது கண்டென்சர். பாயிண்டின் கறுத்த முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டுக்கும் நடுவே அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு இடைவெளி வைத்துத் திருகை இறுக்குவார். மழைக்காலம் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தாலே பாதி வண்டிகள் கிளம்பிவிடும். பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கும் பையன் இதைப் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றான். பார்க்கக் கூடாதது என்று அந்த வண்டியில் எதுவும் இல்லை.

இன்று சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிறிய சிப் இருக்கிறது. அதற்கென்று பேட்டரி கிடையாது. சாவி நுழையும் இடத்தைச் சுற்றி ஒரு செப்புச் சுருள் வளையமாக இருக்கும். சாவியைத் திருப்பியதும் அந்த வளையம் எழுப்பும் மின்காந்த அலையிலிருந்தே சிப் தனக்கான சக்தியை எடுத்துக்கொள்கிறது. பிறகு ஒரு கேள்வி-பதில் நடக்கிறது. வண்டிக்குள் இருக்கும் 'இம்மொபைலைசர்' என்ற மின்னணுக் காவல் பெட்டி ஓர் எண்ணை அனுப்பும். சிப் தன் ரகசியக் குறியீட்டால் அதைக் கணக்கிட்டுப் பதில் தரும். பதில் சரியென்றால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசிஎம் பெட்ரோலுக்கும் பொறிக்கும் வழிவிடும். தவறென்றால் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. சில கார்களில் பிடித்த இரண்டே விநாடிகளில் அணைந்துவிடும். இன்னும் சிலவற்றில் செல்ஃபே சுற்றாது. இப்போது எத்தனை ஒயரை எங்கே கொடுத்தாலும் வண்டி கிளம்பாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய கார்களுக்கு இம்மொபைலைசர் கட்டாயமானது. இந்தியாவில் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் இது பரவலானது. மாருதி தன் கார்களில் 'ஐகேட்ஸ்' என்ற பெயரில் இதைக் கொடுத்தது. பலன் உண்மையானது. நெதர்லாந்தில் 1995 முதல் 2008 வரையிலான திருட்டுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், இம்மொபைலைசரால் கார் திருட்டு சுமார் 40 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா காட்டியது. அங்கே விற்ற 2015ஆம் ஆண்டு மாடல்களில், ஹூண்டாய், கியா தவிர்த்த நிறுவனங்களின் கார்களில் 96 சதவீதத்துக்கு இம்மொபைலைசர் இருந்தது. ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்துக்கு மட்டுமே. அந்தக் கார்களைத் திருடும் வழி 2021, 2022 ஆண்டுகளில் சமூக ஊடகங்களில் பரவியபோது, நகரம் நகரமாக அவை களவுபோயின. ரோட்டரைச் சட்டைப்பையில் கொண்டுபோன காலத்தை யாரும் திரும்பக் கேட்க முடியாது.

பழுதைக் கண்டறிவதிலும் லாபம் உண்டு. இந்தியாவில் 2010 ஏப்ரலில் தொடங்கி 2013 ஏப்ரலுக்குள், வண்டியே தன் பழுதைக் கண்டறியும் ஓபிடி வசதி படிப்படியாகக் கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால், வண்டி தன் குறையைத் தானே எழுதிக் காட்டுகிறது. பி0513 என்றால் சாவி ஏற்கப்படவில்லை. பி0335 என்றால் சாவியில் குறையில்லை, கிராங்க் சென்சார் பக்கம் போக வேண்டும். யு என்று தொடங்கினால் வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு இடையே பேச்சு அறுந்திருக்கிறது.

ஆனாலும் நல்ல மெக்கானிக் ஸ்கேனரிலிருந்து தொடங்குவதில்லை. முதலில் மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கைப் பார்க்கிறார். அது எரிந்து சில விநாடிகளில் அணைந்தால், பெரும்பாலும் சாவியை வண்டி ஏற்றுக்கொண்டது. விடாமல் மின்னினால் ஏற்கவில்லை. அடுத்து இரண்டாவது சாவியைக் கேட்கிறார். அதில் கிளம்பினால் குறை முதல் சாவியின் சிப்பில். வளையத்தில் கோத்திருக்கும் மற்ற சிப் சாவிகளைக் கழற்றிவிட்டு முயன்று பார்க்கிறார். ஒரே வளையத்தில் இரண்டு சிப் இருந்தால் பேச்சு குழம்பும். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினாலும் செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கிறார். 10-க்குக் கீழே விழுந்தால் இசிஎம் தடுமாறும், பழி இம்மொபைலைசர் மேல் விழும். பிறகுதான் ஃபியூஸ், எர்த், சாவி வளையத்தின் சுருள், கனெக்டர் எல்லாம். பட்டன் ஸ்டார்ட் கார் என்றால், ரிமோட்டின் பேட்டரி தீர்ந்திருந்தாலும் பல மாடல்களில் ரிமோட்டைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்தால் உள்ளே இருக்கும் சிப் பதில் சொல்லிவிடும். முதலில் மின்சாரம், பிறகு எர்த், அதன் பிறகே மற்றவை என்ற வரிசை அம்பாசடர் காலத்து வரிசைதான்.

வடசென்னையில் இந்த வரிசைக்கு மதிப்பு கூடுதல். கடற்காற்றில் உப்பு இருக்கிறது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் செப்பு முனைகளில் களிம்பு பூக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் இந்தப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. எண்ணூர் கழிமுகப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து வீடுகளுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட நீர் ஏறிய காரில், கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் ஒயரும் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் கனெக்டரும் உடனே கெடுவதில்லை. மாதங்கள் கழித்து, ஒரு காலையில் சாவி விளக்கு மின்னத் தொடங்குகிறது. ஈரமான டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துணியால் துடைத்த காலத்தில் மழையின் பாதிப்பு மழையோடு முடிந்தது. இன்று அது பின்னாலேயே வருகிறது.

களிம்பைச் சுரண்டி, கனெக்டரை மாற்றி வண்டியைக் கிளப்ப முடிந்தவரை பட்டறைக்குத் தடையில்லை. இசிஎம் பெட்டியே கெட்டுவிட்டால் கதவு மூடிக்கொள்கிறது. புதிய இசிஎம்மோ புதிய சாவியோ வண்டியோடு சேர வேண்டுமென்றால், நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும், அந்த வண்டிக்குரிய பின் நம்பர் வேண்டும். அன்று சாவிக்கடையில் சில பத்து ரூபாய்களில் முடிந்த வேலைக்கு இன்று சில ஆயிரங்கள் ஆகின்றன. பல நேரம் வண்டியைக் கட்டியிழுத்து ஷோரூமுக்குக் கொண்டுபோகும் செலவும் சேர்கிறது. இதற்குப் பட்டறைகள் தங்கள் வழியைத் தேடிக்கொண்டன. புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிப்பாகச் சந்தையில் ஒரே வண்டியிலிருந்து கழற்றிய இசிஎம், இம்மொபைலைசர், சாவி மூன்றையும் ஒரே செட்டாகத் தேடுகிறார்கள். இன்னும் நுட்பமானவர்கள் பெட்டியைத் திறந்து, நகத்தைவிடச் சிறிய எட்டுக்கால் மெமரி சிப்பை எடுத்து, அதிலுள்ள தகவலைப் புதிய பெட்டிக்கு மாற்றுகிறார்கள். பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்த கைக்குச் சற்றும் குறையாத திறமை அது. ஆனால் அதை அங்கீகாரம் இல்லாமலும் சந்தேகக் கண்களுக்கு நடுவிலும் செய்ய வேண்டியிருக்கிறது.

இந்தக் குறை நாட்டின் காதுக்கும் எட்டியது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப்பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் வைத்திருந்தார்கள் என்பதே குற்றச்சாட்டு; அவற்றைத் தர வேண்டும் என்றும் ஆணையம் உத்தரவிட்டது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கி, அதில் வாகனத் துறையையும் சேர்த்தது. வண்டிக்காரர் அறிந்துகொள்ள ஒரு வாசல் திறந்திருக்கிறது. பின் நம்பர் இருக்கும் அறை இன்னும் திறக்கவில்லை.

பாதுகாப்புக்காகத்தான் பூட்டி வைத்திருக்கிறோம் என்பது நிறுவனங்களின் வாதம். அதில் நியாயம் உண்டு. யார் கேட்டாலும் சாவி எழுதித் தரும் கடை திருடனுக்கும் எழுதித் தரும். ஆனால் ரகசியம் மட்டுமே காவலாகாது என்பதும் பழைய பாடம். ஒரு வகைச் சாவிச் சிப்பின் குறியீட்டை அமெரிக்க ஆய்வாளர்கள் 2005இலேயே உடைத்துக் காட்டினார்கள். இன்னொரு வகையின் பலவீனத்தை 2013இல் வெளியிட முயன்றவர்களை லண்டன் நீதிமன்றம் தடுத்தது. 2015இல் அந்த ஆய்வு வெளிவந்தது. கைதேர்ந்த திருடனுக்குக் கருவி கிடைத்துவிடுகிறது. கிடைக்காமல் நிற்பவர் சாத்தாங்காட்டு மெக்கானிக்தான்.

அன்று வண்டி எல்லோருக்கும் திறந்திருந்தது. அதனால் களவும் எளிது, உதவியும் எளிது. இன்று களவு கடினமாகியிருக்கிறது. கூடவே உதவியும் கடினமாகிவிட்டது. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை மீட்க வழி உண்டு. ஆர்சி புத்தகத்தையும் அடையாள அட்டையையும் சரிபார்த்து, யார் எந்த வண்டிக்குச் சாவி எழுதினார் என்று பதிவு செய்து, உரிமம் பெற்ற வெளிப் பட்டறைக்கு அந்தப் பின் நம்பரைத் தரலாம்; அமெரிக்காவில் பூட்டுத் தொழிலாளர்களுக்கு இப்படியொரு பதிவேட்டு முறை நடைமுறையில் இருக்கிறது. பொறியின் நிறத்தைப் பார்த்துப் பழுதைச் சொன்ன தலைமுறையின் பிள்ளைகள் இன்று ஸ்கேனர் எண்ணைப் படித்துச் சொல்கிறார்கள். அவர்களைத் திருடனோடு சேர்த்து வெளியே நிறுத்தாத சட்டம்தான் இந்தத் தொழிலுக்கு இன்று வேண்டியது.