21 பெட்டகங்கள், ஒரே சாவி

சிதறிக் கிடந்த தகவல்களை ஒன்று சேர்க்க வழி பிறந்துவிட்டது. சேர்ப்பவர்களைக் கேள்வி கேட்கத்தான் இன்னும் வழியில்லை.

மும்பைத் தாக்குதல் நடந்து நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 2009 மார்ச்சில் அமெரிக்க பாஸ்போர்ட்டுடன் ஒருவர் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். தில்லி, புஷ்கர், புனே என்று சாவகாசமாகச் சுற்றி, அடுத்த தாக்குதல்களுக்கு இடம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பெயர் டேவிட் கோல்மன் ஹெட்லி. 166 பேரைப் பலிகொண்ட தாக்குதலுக்காகத் தாஜ் ஓட்டல் உள்ளிட்ட இலக்குகளைப் படம் பிடித்துக் கொடுத்தவர் இவர்தான் என்பது அப்போது இந்திய அதிகாரிகளுக்குத் தெரியாது. அக்டோபரில் சிகாகோ விமான நிலையத்தில் எஃப்.பி.ஐ. அவரைக் கைது செய்த பிறகே விஷயம் வெளியே வந்தது.

தாவூத் கிலானி என்ற பெயரை 2006ல் மாற்றிக்கொண்டவர் ஹெட்லி. மும்பையில் விசா ஆலோசனை அலுவலகம் ஒன்றையும் திறந்து வைத்திருந்தார். தடயம் இல்லாமல் இல்லை. விசா விண்ணப்பம் தூதரகத்தில் இருந்தது. வந்து போன விவரம் விமான நிலையத்தில். தங்கிய விவரம் ஓட்டல் பதிவேடுகளில். இவற்றை அருகருகே வைத்துப் பார்க்கத்தான் யாருமில்லை.

இந்த ஓட்டையை அடைக்க 2009 டிசம்பரில் அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் முன்வைத்த யோசனைதான் 'நாட்கிரிட்'. வங்கி, வருமான வரி, ரயில், விமானம், விசா, தொலைபேசி என 21 வகைத் தகவல் தொகுப்புகளை உளவு, புலனாய்வு அமைப்புகள் ஒரே இடத்திலிருந்து பார்க்க வகை செய்யும் கம்ப்யூட்டர் வலையமைப்பு இது. தனிமனித அந்தரங்கம் என்னாகும் என்று அமைச்சரவைக்குள்ளேயே கேள்வி எழுந்தது. என்றாலும் 2011ல் கொள்கை அளவில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்திலிருந்தும் அதற்கு விலக்கு அளிக்கப்பட்டது.

சிதம்பரத்தின் இன்னொரு யோசனையான தேசிய பயங்கரவாத எதிர்ப்பு மையத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. உளவுத்துறையின் கீழ் வரும் அமைப்புக்குக் கைது செய்யும் அதிகாரமா என்று 2012ல் ஜெயலலிதா, நரேந்திர மோடி, மம்தா பானர்ஜி, நவீன் பட்நாயக் ஆகிய முதல்வர்கள் கொதித்தெழ, மையம் கிடப்பில் போடப்பட்டது. கைது செய்யும் கைகளைக் கண்டு அலறிய மாநிலங்கள், பார்க்கும் கண்களைப் பற்றி அந்த அளவுக்குக் கவலைப்படவில்லை. பல ஆண்டு இழுபறிக்குப் பின் நாட்கிரிட் செயலுக்கு வந்துவிட்டது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், தேவைக்கு மிஞ்சாத அளவும் வேண்டும் என்றனர். நாட்கிரிட்டுக்கென நாடாளுமன்றம் தனிச்சட்டம் எதுவும் இயற்றவில்லை. 2023ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, பாதுகாப்பைக் காரணம் காட்டி அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள இடம் தருகிறது.

இப்போதுள்ள மேற்பார்வையின் லட்சணத்துக்குத் தொலைபேசி ஒட்டுக்கேட்பே சாட்சி. அந்த உத்தரவுகளை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பரிசீலிப்பது செயலாளர்கள் அடங்கிய குழு. ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 உத்தரவுகள் அதன் முன் வருவதாக நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018ல் சுட்டிக்காட்டியது. எட்டு மணி நேரம் இடைவிடாமல் உட்கார்ந்தாலும் ஓர் உத்தரவுக்கு இரண்டு விநாடிகூடக் கிடைக்காது.

பிரிட்டனில் 2016ன் சட்டப்படி அமைச்சர் கையெழுத்து மட்டும் போதாது; நீதித்துறை ஆணையரும் சம்மதிக்க வேண்டும். அமெரிக்காவில் 1976 முதல் செனட் குழு ஒன்று உளவு அமைப்புகளைக் கேள்வி கேட்கிறது. இந்திய உளவு அமைப்புகளைச் சட்ட வரம்புக்குள் கொண்டுவர 2011ல் மணீஷ் திவாரி தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

அடுத்த ஹெட்லியைப் பிடிக்க இந்த வலை தேவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வெறும் பெயர் ஒற்றுமையால் ஓர் அப்பாவி அதில் சிக்கினால்? தன் வங்கிக் கணக்கையும் பயணச் சீட்டையும் யாரோ புரட்டிப் பார்த்தது அவருக்குத் தெரியப்போவதே இல்லை. தெரியாத ஒன்றைப் பற்றி அவர் எந்த வாசலில் போய் முறையிடுவார்?