கடல் கடந்து வந்த பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்பு

மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலும், தியாகராய நகரிலும், அடையாற்றிலும், சித்திரை மாதத்து வெயிலில், மஸ்கட்டிலிருந்தோ துபாயிலிருந்தோ குடும்பத்துடன் திரும்பிய தகப்பனார் ஒருவர், பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகவேண்டிய பிள்ளையை அழைத்துக்கொண்டு பள்ளி பள்ளியாக ஏறி இறங்குவதைக் காண்கையில், அந்தப் பிள்ளையின் மௌனமே என் மனத்தை அதிகம் வருத்துகிறது.

பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்து ஈராண்டுப் படிப்பு என்று சி.பி.எஸ்.இ. வாரியம் கருதுவதால், பன்னிரண்டில் நேரடிப் பிரவேசம் கிடையாது என்பது பொது விதி. ஆயினும், பெற்றோருக்கு உத்தியோக மாற்றம் நேர்ந்தாலோ குடும்பமே ஊர் பெயர்ந்தாலோ சேர்த்துக்கொள்ள அதே விதி இடம் தருகிறது என்பதை அறியாமல், "முடியாது" என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் திரும்பிவிடுவோர் பலர். பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், அவ்விடத்துக் கல்வி அதிகாரியின் மேலொப்பம் பெற்ற டி.சி., மாற்றத்துக்கான அத்தாட்சி ஆகிய மூன்றையும் விமானம் ஏறுமுன்பே பெற்றுவிட வேண்டும். இங்கு வந்தபின் அந்த மேலொப்பத்துக்காகக் கடிதம் எழுதிக் காத்திருப்பதில் கோடைகாலமே கழிந்துவிடும். அங்கே படித்த அதே பாடங்கள் இங்கே சேரும் பள்ளியில் உண்டா என்பதையும் முன்னரே விசாரித்தறிதல் அவசியம். ஐயம் எழுந்தால் அண்ணா நகர் மேற்கிலுள்ள வாரியத்தின் மண்டல அலுவலகத்தை எழுத்து மூலமாக அணுகலாம்.

வளைகுடா நாடுகளின் சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலிருந்து வருவோருக்குப் பாடத்திட்டமும் ஒன்றே, பருவமும் ஏறக்குறைய ஒன்றே. அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளையின் நிலைமையோ வேறு: அங்கே ஜூனில் வகுப்பு முடித்து இங்கே வந்து சேர்வதற்குள் ஏப்ரலில் தொடங்கிய பாடங்கள் வெகுதூரம் போயிருக்கும்; 75 சதவீத வருகைப்பதிவு கட்டாயம்; ஜனவரியில் செய்முறைத் தேர்வும் பிப்ரவரியில் எழுத்துத் தேர்வும் வந்துவிடும். இத்தகைய பிள்ளையை மீண்டும் பதினொன்றில் சேர்ப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். ஓராண்டு பின்தங்குவதை அவமானமாக நினைக்கும் பெற்றோரை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், அந்த ஓராண்டு பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கும் அவகாசம். அதற்கும் வழியில்லையெனில், பத்தாம் வகுப்பில் தேறியவரை ஏற்றுக்கொண்டு ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடத்தும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது.

இடைத்தரகர்கள், "பெயரை மட்டும் பதிவு செய்தால் போதும், பள்ளிக்கே வரவேண்டாம்" என்று ஆசை காட்டுவார்கள். அதற்கு இசைய வேண்டாம். இப்படிப் பெயரளவில் மாணவரைச் சேர்த்திருந்த டெல்லி, ராஜஸ்தான் பள்ளிகள் 21-இன் அங்கீகாரத்தை 2024 நவம்பரில் வாரியம் ரத்து செய்தது.

இங்கிருந்து வெளிநாடு செல்லும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை: கட்டணப் பாக்கியைக் காட்டி டி.சி.யை நிறுத்திவைக்கக் கூடாது, பாக்கி விவரத்தை அதில் எழுதவும் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

மேற்படிப்பு விஷயம் இன்னொன்று. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில், எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்தவருக்குத் தேவைப்படாத நேட்டிவிட்டி சான்றிதழ், வெளிநாட்டில் படித்து வந்த தமிழ்ப் பிள்ளைக்குத் தேவைப்படுகிறது. ஆகையால், பள்ளியில் இடம் கிடைத்த வாரத்திலேயே, பெற்றோரின் பழைய பள்ளிச் சான்றுகளைத் தேடி எடுத்துக்கொண்டு, இ-சேவை மையத்தின் வழியாக மயிலாப்பூர் அல்லது மாம்பலம் வட்டாட்சியருக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.