அணுகுண்டும் ஆட்சி மன்றமும்

கணக்கொப்புவித்தல் என்னும் சொல் திருமறை பயின்றார்க்குப் புதியதன்று. தலைவனது பொருளை ஆளும் உக்கிராணக்காரன், தலைவன் அழைத்துக் கேட்குங்கால் வரவு செலவு அனைத்தையும் அவன் முன் வைத்தற்குக் கடமைப்பட்டவன் என்பது லூக்கா சுவிசேஷத்திலுள்ள உவமை ஒன்றின் அடிப்படை. குடியாட்சி நாடுகளில் மந்திரிமாரே உக்கிராணக்காரர், பொதுமக்களே தலைவர், அம்மக்கள் தம் சார்பிற் கணக்குக் கேட்குமாறு அனுப்பிய பிரதிநிதிகளின் கூட்டமே பார்லிமெண்டு. இம்முறைமைக்குத் தாயகம் எனப் புகழப்பெற்று, நம் நாட்டு ஆட்சிமுறைக்கும் ஒருவாற்றான் மாதிரியாய் நின்றது பிரிட்டிஷ் பார்லிமெண்டாகும். அத்தகைய மன்றத்தினிடமே, இருபதாம் நூற்றாண்டின் மிகக் கொடிய படைக்கலத்தைப் பற்றிய கணக்குப் பல்லாண்டுகள் ஒப்புவிக்கப்படாமற் போன வரலாற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இங்ஙனம் கூறுதலால் அக்கால மந்திரிமார் தீயோர் என்பது எமது கருத்தன்று. அவருட் பலர் நேர்மைக்கும் எளிமைக்கும் பெயர் பெற்றவர். அதனாலேயே இவ்வரலாறு ஆராய்தற்குரியதாகின்றது.

1938-ம் ஆண்டின் இறுதியில் ஜெர்மன் விஞ்ஞானிகளாகிய ஹானும் ஸ்ட்ராஸ்மனும் செய்த சோதனையால் யுரேனிய அணு பிளவுபடுதல் வெளியாயிற்று. 1940-ல் பர்மிங்ஹாம் நகரில் ஆராய்ச்சி செய்துவந்த ஃபிரிஷ், பையர்ல்ஸ் என்னும் அகதிகள் இருவர், யுரேனியம் 235 என்னும் வகையைத் தனியே பிரித்தெடுப்பின், சில இராத்தல் எடையே பேரழிவு விளைக்கவல்ல குண்டொன்றிற்குப் போதும் என்று கணித்துச் சர்க்காருக்கு ஒரு குறிப்பு வரைந்தனர். போரிடையே அத்துணைப் பெரிய தொழிலை நடத்தும் வசதி பிரிட்டனுக்கு இல்லாமையால், அம்முயற்சி அமெரிக்காவிற்கு இடம் பெயர்ந்தது.

1943 ஆகஸ்டு 19-ம் தேதி, கனடாவிலுள்ள குவிபெக் நகரில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். ஒருவர்மேல் ஒருவர் இக்குண்டை ஏவுவதில்லை; ஒருவர் இசைவின்றி மற்றவர் மூன்றாம் நாட்டின்மேல் ஏவுவதில்லை; இருவரும் இசைந்தாலன்றிப் பிறர்க்கு இதன் செய்தியை அறிவிப்பதில்லை என்பன அதன் சாரம். மற்றொரு விதியால், போருக்குப்பின் இச்சக்தியைத் தொழில்துறையிற் பயன்படுத்தும் நலத்தை அமெரிக்கத் தலைவர் நியாயமெனக் கருதும் அளவிற்கே பிரிட்டன் பெறும் என்றும் சர்ச்சில் விட்டுக்கொடுத்தார். ஒரு தேசத்தின் வருங்காலத் தொழில்வளத்தைப் பிறர் கருணைக்கு விட்ட இவ்வோலையை அந்நாட்டுப் பார்லிமெண்டு அறியவில்லை. அமெரிக்கக் காங்கிரஸும் அறியவில்லை. 1945 ஜூலை 4-ம் தேதி, ஜப்பான்மேல் குண்டெறிதற்குப் பிரிட்டனின் இசைவு இவ்வுடன்படிக்கையின்படியே வாஷிங்டனில் முறையாகத் தெரிவிக்கப்பட்டது. ஆகஸ்டு 6-ல் ஹிரோஷிமா எரிந்தது. எம்மக்கள் பெயரால் அவ்விசைவு தரப்பட்டதோ, அம்மக்கள் இசைவென ஒன்று கேட்கப்பட்டதையே அறிந்திலர்.

அமெரிக்காவிலும் நிலை இதுவே. போர்ச் செலவுகளை ஆராய்ந்த செனட் குழுவின் தலைவராயிருந்த ட்ரூமன், காரணம் விளங்காத செலவொன்றைக் குறித்து விசாரிக்கப் புகுந்து, யுத்த மந்திரி ஸ்டிம்ஸனின் வேண்டுகோளுக்கிணங்கி நிறுத்திக்கொண்டார். உபஜனாதிபதியான பின்னும் அவர்க்கு அது கூறப்படவில்லை. ரூஸ்வெல்ட் இறந்து பதின்மூன்றாம் நாள், 1945 ஏப்ரல் 25-ல், ஜனாதிபதி என்ற முறையிலேயே முழு விவரத்தையும் அவர் கேட்டறிந்தார்.

மறைவு மறைத்தவரையே வருத்துதலும் உண்டு. 1946 ஆகஸ்டு 1-ம் தேதி ட்ரூமன் கையொப்பமிட்ட மக்மஹன் சட்டம், அணுத்துறையைப் படைத்தலைவரிடமிருந்து எடுத்துப் பொதுமக்கள் சார்பான ஆணைக்குழு ஒன்றினிடம் ஒப்படைத்தது. காங்கிரஸின் கூட்டுக்குழு ஒன்று கணக்குக் கேட்பதற்கும் வழிவகுத்தது. இவை பாராட்டத்தக்கன. ஆனால் அதே சட்டம் அணுச்செய்திகளைப் பிற நாட்டார்க்கு வழங்குதலைக் குற்றமாக்கவே, நேற்று வரை உடனுழைத்த பிரிட்டனும் பிற நாடாயிற்று. குவிபெக் உடன்படிக்கையைத் தாம் முன்னரே அறிந்திருப்பின் அவ்வாறு சட்டம் செய்திருக்கமாட்டோம் என்று செனட்டர் மக்மஹன் பிற்காலத்திற் சர்ச்சிலிடமே கூறினார். தம் மன்றத்திற்கு மறைத்த ஓலை, தமக்கு வேண்டிய வேளையிற் பயன்படாமற் போயிற்று.

இனி, அட்லியின் காலத்திற்கு வருவோம். போர்க்கால மந்திரி சபையில் உதவிப் பிரதமராயிருந்தும், குண்டைப் பற்றிய இரகசியங்களிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்தவர் அவர். 1945 ஜூலையிற் பிரதமரானதும் அவரும் அவ்வழியையே பின்பற்றினார் என்பது வியப்பிற்குரியது. முழு மந்திரி சபையின் முன் இவ்விஷயத்தை வையாது, எண்ணின் பெயரால் வழங்கிய சிறு குழுக்களில் முடிவு செய்தார். 1946 அக்டோபர் 25-ல் கூடிய அத்தகைய குழு ஒன்றில், நிதி மந்திரி டால்டனும் வர்த்தக மந்திரி கிரிப்ஸும் நாட்டின் பொருள்நிலை இதற்கு இடந்தராதென எதிர்த்தனர். ரொட்டிக்கும் ரேஷன் விதிக்கப்பட்டிருந்த காலம் அது. அவர் சொல்லியதில் தவறு யாது? காலந்தாழ்ந்து வந்த வெளிநாட்டு மந்திரி பெவின், அமெரிக்க மந்திரி தம்மிடம் பேசிய முறையில் இனி எவரும் எந்தப் பிரிட்டிஷ் மந்திரியிடமும் பேசலாகாது என்றும், எத்துணைச் செலவாயினும் பிரிட்டனின் கொடி பறக்கும் குண்டொன்று வேண்டும் என்றும் வாதாடி வென்றார். பாதுகாப்பின் தேவையைவிட மானமே அன்று முன்னின்றது என்று கருத இடமுண்டு.

1947 ஜனவரி 8-ம் தேதி, ஜென் 163 என்னும் புதிய குழு கூடிற்று. அட்லி, பெவின், மாரிஸன், அடிஸன், அலெக்ஸாண்டர், வில்மட் ஆகிய அறுவர் அதில் இருந்தனர். எதிர்த்துரைத்த டால்டனும் கிரிப்ஸும் இல்லை. அணுகுண்டு செய்வதென அன்று முடிவாயிற்று. நாட்டின் பணப்பெட்டியைக் காக்கும் மந்திரியை விலக்கிவிட்டு, அப்பணத்திற் பெருந்தொகையை விழுங்கும் காரியத்தை முடிவு செய்த விந்தையை என்னென்பது! ஏன் உடன் மந்திரிகளுக்கும் கூறவில்லை என்று பின்னாளிற் கேட்டபோது, அவருட் சிலர் இத்தகைய இரகசியத்தை நம்பி ஒப்படைக்கத் தக்கவரல்லர் என்றே அட்லி விடையிறுத்தார்.

பார்லிமெண்டு இதனை அறிந்தது பதினாறு திங்கள் கழித்து, 1948 மே 12-ல். நவீன ஆயுதங்களின் முன்னேற்றம் குறித்து அங்கத்தினர் ஜார்ஜ் ஜெகர் கேட்ட வினாவிற்கு, அணு ஆயுதங்கள் உட்பட எல்லா ஆயுதங்களும் ஆக்கப்பெற்று வருகின்றன என்று பாதுகாப்பு மந்திரி அலெக்ஸாண்டர் விடை கூறினார். மேலும் விவரம் கூறலாகுமோ என்றபோது, பொதுநலத்திற்கு உகந்ததன்று என மறுத்தார். அவ்வளவே. விவாதம் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. செலவினங்கள் ஏனைய கணக்குகளிடையே தெரியாவண்ணம் கலந்து கிடந்தன. 1951 அக்டோபரில் மீண்டும் பிரதமரான சர்ச்சில், ஏறத்தாழ 10 கோடிப் பவுன் பார்லிமெண்டு அறியாமலே செலவானதைக் கண்டு திகைத்தார். குவிபெக் ஓலையை மறைத்தவரே திகைத்தார் என்பதை நினைவிற்கொள்க. 1952 அக்டோபர் 3-ம் தேதி, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையை அடுத்த மாண்டி பெல்லோ தீவுகளில் அக்குண்டு வெடித்துச் சோதிக்கப்பட்டது.

பகைவர் அறியாமற் காத்தற்கே மறைத்தனர் எனலாம். பகைவர் அறியாதிருந்தனரா? அமெரிக்காவில் குண்டு செய்த குழுவிலும், பின்னர் இங்கிலாந்தில் ஹார்வெல் ஆராய்ச்சி நிலையத்திலும் உயர்பதவி வகித்த கிளவுஸ் ஃபூக்ஸ், அணு இரகசியங்களைப் பல்லாண்டுகள் ரஷ்யர்க்கு அளித்து வந்தமை 1950-ல் வெளியாகிப் பதினான்காண்டுச் சிறை பெற்றார். அதற்குள், 1949 ஆகஸ்டு 29-ல், ரஷ்யர் தம் முதற் குண்டை வெடித்துவிட்டனர். மாஸ்கோ அறிந்ததை வெஸ்ட்மின்ஸ்டர் அறியாதிருந்தது. கதவைத் தாழிட்டுச் சாவியைத் திருடனிடம் கொடுத்து, வீட்டுக்காரனை வெளியே நிறுத்தியதனை ஒக்கும் இது.

வெளிநாட்டு நட்பின் பொருட்டு மறைத்தனர் என்பது மற்றொரு சமாதானம். அந்நட்பால் வந்த நிலையையும் காண்போம். குண்டெறிதற்குப் பிரிட்டனின் இசைவு வேண்டும் என்னும் விதியை 1947 மே மாதம் முதன்முறை கேள்வியுற்ற அமெரிக்கச் செனட்டர்கள் வெகுண்டனர். 1948 ஜனவரியில் அவ்வுரிமையைப் பிரிட்டன் கைவிட்டது. உரிமை இருந்ததையும் பார்லிமெண்டு அறியாது; இழந்ததையும் அறியாது. 1950 நவம்பர் 30-ல், கொரியப் போரில் அணுகுண்டைப் பயன்படுத்தும் எண்ணமும் உளது என்று பொருள்படுமாறு ட்ரூமன் பத்திரிகையாளரிடம் பேசவே, காமன்ஸ் சபை கலங்கிற்று. அட்லி விரைந்து வாஷிங்டன் சென்றார். அவர் கொணர்ந்தது, நிலைமை மாறுமாயின் பிரதமர்க்கு அறிவிக்க விரும்புகின்றோம் என்னும் நல்லெண்ண வாக்கியம் ஒன்றே. முன்னே கையிலிருந்த உரிமையின் இடத்தில் விருப்பம் ஒன்று நின்றது. இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டி மந்திரியை வினவத்தக்கார் சபையில் மிகச் சிலரே. 1954 ஏப்ரலிற் சர்ச்சிலே அவ்வுடன்படிக்கையைச் சபையில் வெளியிட்ட பின்னரே அது பலர்க்கும் தெரிந்தது.

நம் நாட்டிலும் இவ்வினா எழாமலில்லை. பிரிட்டிஷ் சட்டத்தைத் தழுவி 1948 ஏப்ரலில் அணுசக்தி மசோதாவை நேரு கொணர்ந்தபோது, அயல்நாடுகளில் இரகசியம் படைக்கல ஆராய்ச்சியளவில் நிற்க, இங்கு அனைத்தையும் மூடுவதேன் என்று மைசூர்ப் பிரதிநிதி கிருஷ்ணமூர்த்தி ராவ் அரசியல் நிர்ணய சபையில் வினவினார். ஆக்கத்திற்கு ஆவதையும் அழிவிற்கு ஆவதையும் பிரித்துக் காணுதல் தமக்கு எளிதன்று என நேரு ஒப்புக்கொண்டார். மசோதா நிறைவேறியது. ஆயினும், வினாவும் விடையும் நடவடிக்கைக் குறிப்பில் நிற்கின்றன; பின்வந்தார் படித்து வாதிடலாம். பிரிட்டனிற் குண்டு செய்யும் முடிவைப் பற்றி அத்தகைய விவாதம் நடக்கவில்லை.

மறைவின் முழு விலையும் 1957-ல் தெரிந்தது. குண்டிற்குரிய புளுட்டோனியத்தை ஆக்கும்பொருட்டுக் கம்பர்லாந்துக் கடற்கரையில், விண்ட்ஸ்கேல் என்னுமிடத்தில் இரண்டு உலைகள் விரைந்து கட்டப்பட்டிருந்தன. கிராபைட்டு என்னும் பென்சிற்கரிக் கட்டிகளை அடுக்கி, அவற்றின் துளைகளில் யுரேனியத் தண்டுகளைச் செருகி, பெருவிசிறிகளாற் காற்றைச் செலுத்திக் குளிர்விப்பர். அக்காற்று நானூறு அடிக்கு மேற்பட்ட புகைபோக்கி வழியாக வானிற் கலக்கும். கட்டட வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சர் ஜான் காக்ராப்ட் வற்புறுத்தியமையால், புகைபோக்கியின் உச்சியில் வடிகட்டிகள் வைக்கப்பட்டன. காக்ராப்டின் மடமை என்று பலர் நகைத்தனர்.

கிராபைட்டு நாளடைவில் ஒருவகை ஆற்றலைத் தன்னுட் சேர்த்துக்கொள்ளும் இயல்பினது. அவ்வப்போது உலையைச் சூடேற்றி அதனை வெளியேற்றல் வேண்டும். 1957 அக்டோபர் 7-ல் தொடங்கிய அவ்வேலையில், வெப்பமானிகள் மிக்க சூடுள்ள இடத்தில் அமையாமையால், உள்ளே நேர்ந்ததைத் தொழிலாளர் அறியமுடியவில்லை. ஹைட்ரஜன் குண்டிற்கு வேண்டிய பொருளையும் அவ்வுலையிலேயே அவசரமாக ஆக்கி வந்தமை அபாயத்தைப் பெருக்கிற்று. 10-ம் தேதி யுரேனியம் செந்தழலாய் எரிவதைக் கண்டனர். உதவி மேலாளர் டாம் டூயி உலையின் உச்சிக்குப் பன்முறை ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். மறுநாள், வெடித்துவிடுமோ என்னும் அச்சத்தோடே நீர் பாய்ச்சினர். காற்றையும் அடைத்த பின்னரே தீ அவிந்தது. நகைக்கப்பட்ட வடிகட்டிகளே நச்சுத் துகளிற் பெரும்பகுதியைத் தடுத்தன. எனினும் கதிர்வீசும் அயோடின் புல்லில் படிந்து பாலிற் கலக்கவே, சுமார் 200 சதுர மைல் நிலப்பரப்பிற் கறந்த பால் விற்பனைக்குத் தடுக்கப்பட்டுக் கொட்டப்பட்டது.

குண்டை ஆக்கிய வில்லியம் பென்னியே விசாரணைக் குழுவின் தலைவர். கருவிகளின் குறையையும் நிர்வாக அமைப்பின் குறையையும் அவரது அறிக்கை மறையாது கூறிற்று. பிரதமர் மாக்மில்லனோ அதனை அவ்வாறே வெளியிடத் துணிந்திலர். அக்டோபர் 4-ல் ரஷ்யர் ஸ்புட்னிக்கை ஏவியதால், மக்மஹன் சட்டத்தைத் தளர்த்தி மீண்டும் பிரிட்டனோடு அணுச்செய்தியைப் பகிர்ந்துகொள்ள அமெரிக்கா இசையும் நற்காலம் வாய்த்திருந்தது. அவ்வமயம் பிரிட்டிஷாரின் திறமையிற் குறைகாண்பார்க்கு இடங்கொடுத்தலாகாது என்று அவர் எண்ணினார். அறிக்கையின் பிரதிகள் திரும்பப் பெறப்பட்டன. நவம்பர் 8-ல் பார்லிமெண்டிற்கு அளித்த வெள்ளை அறிக்கை, உலையை இயக்கியோரின் தவறான தீர்மானத்தையே முன்னிறுத்திற்று. தீயோடு போராடியவர் தலையிற் பழி விழுந்தது. போதிய கருவி தராது அவசரப்படுத்தியவர் பெயர் மறைந்தது.

1958 ஜூலை 3-ம் தேதி, மாக்மில்லன் விழைந்த உடன்படிக்கை வாஷிங்டனிற் கையொப்பமாயிற்று. பென்னியின் அறிக்கை, முப்பதாண்டு விதி முடிந்து, 1988 ஜனவரியில் வெளிவந்தது. மாக்மில்லன் அதற்கு ஓராண்டு முன்னரே காலமாகிவிட்டார்.